செவ்வாய்ப் பயணத்திற்கு ஒத்திகை

மட்டாஞ்சேரிப் படகுத் துறையில் நின்று கிழக்கே நோக்கினால், கப்பல்கள் செல்லும் கால்வாய்க்கு அப்பால் வில்லிங்டன் தீவு தெரியும். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டி எடுத்த மண்ணைக் கொண்டு ஆக்கப்பட்ட நிலம் அது. அங்கே இந்தியக் கடற்படையின் 'ஐ.என்.எஸ். கருடா' என்னும் விமான தளம் அமைந்துள்ளது. அத்தளத்தைச் சேர்ந்த பயிற்சிக் கூடம் ஒன்றில் ஒரு குளம் உண்டு. கடலின் கொந்தளிப்பு, வானிலை, பகல், இரவு ஆகியவற்றைச் செயற்கையாக உண்டாக்கி, நீரில் விழுந்த விமானத்திலிருந்து உயிர் தப்பும் முறையை வீரர்களுக்குக் கற்பிக்கும் குளம் அது.

இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2023 பிப்ரவரி 7ஆம் நாள் அக்குளத்தில் ஒரு கலத்தை மிதக்கவிட்டுப் பரிசோதித்தது. 'ககன்யான்' திட்டத்தின்படி விண்வெளிக்குச் செல்லும் நம் வீரர்கள் திரும்பி வரும்போது அமர்ந்திருக்கும் கலத்தின் மாதிரி அது. எடையிலும், ஈர்ப்பு மையத்திலும், வெளிப்புற அளவிலும், கடலில் இறங்கும் தறுவாயில் உண்மைக் கலம் எவ்வாறு இருக்குமோ அவ்வாறே அதனைச் செய்திருந்தனர். கலத்தில் மிதவையைப் பூட்டுவது, அதனை இழுத்துச் செல்வது, கப்பலின் தளத்திற்குத் தூக்குவது ஆகிய செயல்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தனர். அதே ஆண்டில் கடற்படையின் முக்குளிப்போர் அடங்கிய முதற்குழு இக்கூடத்திலேயே மீட்புப் பயிற்சி பெற்றது.

இந்த முன்னேற்பாட்டின் அருமை விரைவிலேயே விளங்கிற்று. 2023 அக்டோபர் 21ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆளில்லாச் சோதனைக் கலம் ஒன்று ஏவப்பட்டு, கரையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடலில் இறங்கியது. கடல் கொந்தளிப்பாக இருந்தமையால் கலம் தலைகீழாகக் கவிழ்ந்து மிதந்தது. கலத்தை நிமிர்த்தும் கருவி அச்சோதனையில் பொருத்தப்பட்டிருக்கவில்லை. கடற்படையினர் அதனை மீட்டுக் கரை சேர்த்தனர். உள்ளே ஒருவரும் இல்லாததால் இது விபத்தாகாமல் பாடமாயிற்று.

ககன்யான் செல்லவிருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திற்கு. அங்கே தங்கவிருப்பது மூன்று நாள். அதற்கே இத்தனை ஒத்திகை வேண்டியிருக்கிறது. செவ்வாய்க் கிரகமோ நமக்கு மிக அருகில் வரும்போதும் ஐந்து கோடி கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. போவதற்கு ஆறு முதல் ஒன்பது மாதம். திரும்புவதற்கேற்ற கிரக நிலை அமையும் வரை அங்கே ஓராண்டிற்கும் மேலாகக் காத்திருத்தல். பின்னர் திரும்பும் பயணம். ஆக, ஏறக்குறைய மூன்றாண்டு. அத்தகைய பயணத்திற்கு எந்தக் குளத்தில் ஒத்திகை பார்ப்பது?

இக்கேள்விக்கு விடையாகவே உலகின் பல பகுதிகளில் மூடிய வீடுகள் கட்டப்பட்டுள்ளன. தாமே முன்வந்த ஆண்களும் பெண்களும் மாதக்கணக்கில் அவற்றினுள் புகுந்து, தாம் செவ்வாயில் இருப்பதாகவே கொண்டு வாழ்கின்றனர். இதனைத் தமிழில் எச்சொல்லால் குறிப்பது என்பது மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு சிறு சங்கடம். 'போலிப் பயணம்' என்றால் ஏமாற்று என்னும் பொருள் தொனிக்கும். 'பாவனை' என்றால் விளையாட்டாகிவிடும். நாடகக் கலைஞரிடமிருந்து 'ஒத்திகை' என்னும் சொல்லைக் கடன் வாங்குவதே பொருத்தமெனத் தோன்றுகிறது. ஒத்திகையில் உடையும் விளக்கும் உண்மையாக இல்லாமலிருக்கலாம். நடிப்பவரின் களைப்பு உண்மையானது.

மூடிய வீடுகள்

இந்தியருக்கு இது முற்றிலும் புதியதன்று. 1984இல் விண்வெளி சென்ற ராகேஷ் சர்மா, அப்பயணத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படும் முன், பெங்களூரிலுள்ள விமானப்படை நிலையமொன்றில் 72 மணி நேரம் ஓர் அறையில் அடைத்து வைக்கப்பட்டார். அடைபட்ட இடத்தில் அவருக்கு அச்சம் எழுமா என்று அறிவதே நோக்கம். மூன்று நாளில் அறியக் கூடியது அவ்வளவே. மூன்று மாதத்தில் எழும் அச்சம் வேறு. ஓராண்டில் எழும் சலிப்பு வேறு.

இத்துறையில் இதுவரை நடந்தவற்றுள் மிக நீண்டது மாஸ்கோ நகரில் நடந்த 'மார்ஸ்-500' என்னும் பரிசோதனை. ரஷ்யர் மூவர், பிரெஞ்சுக்காரர் ஒருவர், இத்தாலியர் ஒருவர், சீனர் ஒருவர் என ஆறு ஆடவர் 2010 ஜூன் 3ஆம் நாள் உயிர்மருத்துவச் சிக்கல்கள் ஆராய்ச்சி நிலையத்தில் உருளை வடிவ அறைகளுக்குள் புகுந்தனர். 2011 நவம்பர் 4ஆம் நாள் வெளிவந்தனர். 520 நாள் அவர்கள் சூரியனைக் காணவில்லை. இடையில் 2011 பிப்ரவரியில் சிலர் மட்டும் பக்கத்து அறைக்குச் சென்று, அங்குப் பரப்பியிருந்த மணலில் விண்வெளி உடையணிந்து நடந்தனர். அதுவே அவர்களுடைய 'செவ்வாய்'.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரிலுள்ள ஜான்சன் விண்வெளி மையத்தில் முப்பரிமாண அச்சு முறையில் கட்டிய 1,700 சதுர அடி வீடு ஒன்று உண்டு. 2023 ஜூன் 25 முதல் 2024 ஜூலை 6 வரை நால்வர் அங்கு வாழ்ந்தனர். சிறு தோட்டத்தில் தக்காளியும் கீரையும் பயிரிட்டனர். 2025 அக்டோபர் 19ஆம் நாள் மற்றும் நால்வர் 378 நாள் தங்கும் திட்டத்துடன் உள்ளே சென்றனர். இதற்கு விண்ணப்பிப்போர் 30 முதல் 55 வயதிற்குட்பட்டவராகவும், புகை பிடிக்காதவராகவும், விஞ்ஞானத்திலோ பொறியியலிலோ உயர்கல்வி பெற்றவராகவும் இருத்தல் வேண்டும்.

நம் நாட்டில் இம்முயற்சி அண்மையில்தான் வேகம் பெற்றது. 2024 நவம்பரில் லே நகரில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மனித விண்வெளிப் பயண மையமும், லடாக் பல்கலைக் கழகமும், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், ஒரு தனியார் நிறுவனமும் கூடி முதல் ஒத்திகையைத் தொடங்கின. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 1 முதல் 10 வரை, லடாக்கில் சோ கார் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருவர் தங்கினர். அவர்கள் வாழ்வதற்கு 8 மீட்டர் விட்டமுள்ள கூடாரமும், கருவிகளுக்கு 5 மீட்டர் விட்டமுள்ள மற்றொன்றும் ஒன்றோடொன்று இணைத்து அமைக்கப்பட்டிருந்தன. 'ஹோப்' எனப் பெயரிடப்பட்ட இந்நிலையத்தின் ஆராய்ச்சிகளில் திருவனந்தபுரத்திலுள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகமும், ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும் பங்கு கொண்டன.

சோ கார் ஏன்? அங்கே குளிர் கடுமை, புற ஊதாக் கதிர் மிகுதி, மண்ணில் உப்பு, நிலத்தடியில் உறைபனி. செவ்வாயின் பழைய நிலையை ஓரளவு ஒத்த இடம். ஆயினும் 'ஓரளவு' என்னும் சொல்லை ஆசிரியர்கள் மாணவர்க்கு அழுத்திக் கூற வேண்டும். சோ காரில் காற்றழுத்தம் கடல் மட்டத்திலுள்ளதில் பாதிக்குச் சற்று மேல். செவ்வாயிலோ நூற்றில் ஒரு பங்கும் இல்லை. சோ காரில் மூச்சு வாங்கும். செவ்வாயில் உடையில் ஓட்டை விழுந்தால் சில நொடிகளில் நினைவு போய்விடும்.

உள்ளே கண்டவை

இத்தனை பேரை இத்தனை நாள் அடைத்து வைத்ததால் என்ன தெரிந்தது என்று வினவலாம். மாஸ்கோ பரிசோதனையின் முடிவுகள் 2013இலும் 2014இலும் வெளியாயின. நாள் செல்லச் செல்ல அறுவரின் உடல் அசைவும் குறைந்துகொண்டே வந்தது. உறங்கியும் ஓய்ந்தும் கழித்த நேரம் கூடிற்று. ஒருவருடைய உடற்கடிகாரம் 24 மணி நேரத்தை விட்டு 25 மணி நேரமாக நீண்டுவிட்டது. அதன் பயனாக அவர் சில நாட்களில் மற்றவர் உறங்கும் நேரத்தில் விழித்தும், விழிக்கும் நேரத்தில் உறங்கியும் கிடந்தார். இன்னொருவர் பெரும்பாலான வாரங்களில் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கூறினார். இருவரிடம் மட்டும் எவ்விதக் கோளாறும் காணப்படவில்லை. இந்த அறுவரும் கடுமையான தேர்வுகளில் வென்று வந்தவர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். எவர் தளர்வார், எவர் தளரார் என்பதை அத்தேர்வுகள் முன்கூட்டிக் காட்டவில்லை; அடைபட்ட வாழ்வே காட்டிற்று.

மற்றொரு முடிவு நம் கள ஊழியர்க்கு வியப்பளிக்காது. உள்ளிருந்தோர் தமக்குள் பூசலிட்டதைவிட, வெளியே இருந்து கட்டளையிட்ட தலைமை நிலையத்தோடு பூசலிட்டதே ஐந்து மடங்கு அதிகம். தொலைவிலுள்ள முகாமில் பணியாற்றித் தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கைகளுக்குப் பதில் எழுதிய எவரும் இதற்கு விளக்கம் கேட்க மாட்டார்.

செவ்வாயோடு தொடர்பில்லாத ஓர் உண்மையும் இந்த அறைகளிலேயே வெளிப்பட்டது. உள்ளிருந்தோர் உண்பது, குடிப்பது, சிறுநீராகக் கழிப்பது அனைத்தையும் மாதக்கணக்கில் ஒரு துளி விடாமல் அளக்க முடிந்தது. வெளியுலகில் எந்த மருத்துவ மனையிலும் இயலாத காரியம் இது. நாளொன்றுக்கு 12 கிராம் உப்பு தந்து, பின்னர் 9 ஆகவும் 6 ஆகவும் குறைத்தனர். உப்பு மிகுந்தால் தாகம் மிகுந்து நீர் அதிகம் பருகுவர் என்பதே எல்லோர் நம்பிக்கை. நீண்ட நாள் கணக்கில் பார்த்தபோது நேர்மாறாக இருந்தது: உப்பு மிகுந்த காலத்தில் அவர்கள் குறைவாகவே நீர் பருகினர், பசியோ கூடிற்று. உடல் உப்பை வெளியேற்றும்போது நீரைத் தன்னுள் தேக்கிக் கொள்கிறது. அதற்குச் செலவாகும் ஆற்றலை உணவிலிருந்து கேட்கிறது என்பது ஆராய்ச்சியாளர் தந்த விளக்கம். அன்றியும், உண்ணும் உப்பின் அளவு மாறாதிருக்கும்போதும் உடல் அதனை வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் சேர்த்தும் விடுத்தும் வருகிறது. ஆகவே ஒரு நாள் சிறுநீரை மட்டும் சோதித்து ஒருவர் உண்ட உப்பை மதிப்பிடுவது பிழைபடலாம். ஊறுகாயும் கருவாடும் அன்றாட உணவாகக் கொண்ட கடற்கரை மக்களிடையே பணி புரியும் சுகாதார ஊழியர்கள் இதனை அறிந்திருப்பது நலம்.

எனினும், என் கருத்தில் இவை எல்லாவற்றிலும் சிறந்த பாடத்தைத் தந்தது 'உயிர்க்கோளம்-2' என்னும் கண்ணாடி மாளிகை. அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில் ஏறக்குறைய 1.27 ஹெக்டேர் பரப்பில் காடு, வயல், சிறு கடல் ஆகியவற்றை உள்ளே அமைத்து, 1991 செப்டம்பர் 26ஆம் நாள் எண்மரை உள்ளே விட்டு இரண்டாண்டிற்கு மூடினர். தாவரங்கள் பிராணவாயுவைத் தரும், மனிதர் கரியமில வாயுவைத் தருவர், கணக்கு சரியாகும் என்பது ஏற்பாடு. ஆனால் காற்றில் நூற்றுக்கு 20.9 பங்காக இருந்த பிராணவாயு பதினாறு மாதத்தில் 14.5 பங்கிற்கும் குறைந்து போயிற்று. உள்ளிருந்தோர் உயர்ந்த மலைமேல் வாழ்பவரைப் போல் மூச்சு வாங்கினர். 1993 ஜனவரியில் வெளியிலிருந்து பிராணவாயு செலுத்த வேண்டியதாயிற்று.

காரணம் என்ன? பயிர் செழிக்கட்டும் என்று வயலில் தொழு உரம் மிகுந்த மண்ணை இட்டிருந்தனர். அம்மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பிராணவாயுவை உண்டு கரியமில வாயுவை வெளிவிட்டன. அவ்வாறாயின் கரியமில வாயு அதே அளவிற்குப் பெருகியிருக்க வேண்டுமே, பெருகவில்லை. அது எங்கே போயிற்று என்பது நெடுநாள் புதிராக இருந்தது. கடைசியில் கட்டடத்தின் சிமெண்டுச் சுவர்களைச் சுரண்டிப் பார்த்தபோது விடை கிடைத்தது. சுவரிலுள்ள சுண்ணாம்பு கரியமில வாயுவை உறிஞ்சித் தன்னுள் பூட்டிக் கொண்டிருந்தது. கரியமில வாயுவோடு அதிலிருந்த பிராணவாயுவும் சிறைப்பட்டது. வெள்ளையடித்த சுவர் நாட்பட நாட்பட இறுகுவதும் இதே இரசாயன மாற்றத்தால்தான். இந்தச் சாதாரண உண்மையை மாளிகை கட்டியவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. செவ்வாயில் இது நடந்திருந்தால் வெளியிலிருந்து பிராணவாயுக் குழாய் வந்திராது.

ஒத்திகையின்றிப் போனவர்கள்

ஒத்திகை பாராமல் நெடும்பயணம் புறப்படுவதன் விலையைக் கொச்சியைப் போல் அறிந்த ஊர் நம் நாட்டில் வேறில்லை. கொச்சிக் கோட்டையிலுள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தில், 1524 டிசம்பர் 24ஆம் நாள் இவ்வூரில் இறந்த வாஸ்கோ ட காமாவின் உடல் முதலில் அடக்கம் செய்யப்பட்ட இடத்தை இன்றும் காட்டுவர். அவன் முதன்முறை இந்தியா வந்து திரும்பிய பயணம் 1497 ஜூலை முதல் 1499 வரை இரண்டாண்டிற்கும் மேல் நீடித்தது. கால அளவில் செவ்வாய்ப் பயணத்திற்கு ஏறத்தாழ ஈடு. பருவக்காற்றின் முறையறிந்த வழிகாட்டி ஒருவன் துணையால் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மலையாளக் கரைக்கு ஒரு மாதத்திற்குள் வந்தவர்கள், திரும்பும்போது காற்றின் போக்கிற்கு மாறாகப் புறப்பட்டு அதே கடலில் மூன்று மாதம் தத்தளித்தனர். ஈறுகள் வீங்கின, கை கால்கள் வீங்கின, ஒருவர் பின் ஒருவராக மடிந்தனர். ஒவ்வொரு கப்பலிலும் ஏழெட்டுப் பேரே வேலை செய்யத் தக்கவராக எஞ்சினர். ஆள் போதாமையால் ஒரு கப்பலை ஆப்பிரிக்கக் கரையருகே எரித்துவிட்டனர். சுமார் 170 பேர் புறப்பட்டதில் பாதிப்பேர்கூட ஊர் திரும்பவில்லை.

அவர்களைக் கொன்றது புயலன்று, போருமன்று. புதிய காய்கனிகளிலுள்ள உயிர்ச்சத்து 'சி' இல்லாமையால் வரும் 'ஸ்கர்வி' நோய். வழியில் மலிந்தி நகரில் அவர்களுக்கு ஆரஞ்சுப் பழங்கள் கிடைத்தன. ஆயினும் பழத்திற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை முறையாக நிறுவிக் காட்டியவர் எவருமில்லை. 1747இல் ஜேம்ஸ் லிண்டு என்னும் கப்பல் மருத்துவர் நோயுற்ற பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்து தந்து பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவர் சில நாளில் தேறினர். கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் மிளகு ஏற்ற வந்த கப்பல்களில் அதுவரை இரண்டரை நூற்றாண்டாக மனிதர் மடிந்து கொண்டே இருந்தனர். முதலில் சாவு, பின்னர் அறிவு என்பதே அக்கால வரிசை. மூடிய வீட்டில் தாமே அமர்பவர்கள் இந்த வரிசையைத் திருப்பி அமைக்க முயல்கின்றனர். அவர்களை வேடிக்கை மனிதராகக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. காமாவின் கப்பல்களில் தண்டனை பெற்ற கைதிகள் சிலரும் ஏற்றப்பட்டிருந்தனர். அபாயமான கரைகளில் முதலில் இறக்கி விடுவதற்கே அவர்களைக் கொண்டு வந்தனர். கோழிக்கோட்டில் முதலில் கரையேறியவன் அத்தகையவன்தான். இன்றோ வாய்ப்புக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கின்றனர். டச்சுக்காரர் தொடங்கிய 'மார்ஸ் ஒன்' என்னும் நிறுவனம், திரும்பி வராத ஒருவழிப் பயணத்திற்கு ஆள் தேடிற்று. 2015இல் அது தேர்ந்த நூற்றுவரில் இந்தியரும் மூவர் இருந்தனர். கலமும் இல்லை, பணமும் இல்லை. 2019இல் அந்நிறுவனம் திவாலாயிற்று. அதனால் எவருக்கும் உயிர்ச்சேதம் நேராதது நல்வினை. முன்வருபவரின் துணிவு போற்றத்தக்கது. ஆனால் அத்துணிவை அனுமதிச் சீட்டாகக் கொண்டு அவரை அனுப்புவோரின் பொறுப்பு குறைந்துவிடாது.

திறக்கும் கதவு

எல்லா ஒத்திகைகளிலும் ஒத்திகை பார்க்க முடியாத பொருள் ஒன்று உண்டு. அது கதவு. 2018 பிப்ரவரியில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவிலிருந்த ஒத்திகை நிலையத்தில் ஒருவருக்கு மின் அதிர்ச்சி ஏற்பட்டது. கதவு திறந்தது, நோயாளி மருத்துவ மனைக்குச் சென்றார், தொடங்கி நான்கே நாளில் அந்த 'செவ்வாய்ப் பயணம்' கைவிடப்பட்டது. மாஸ்கோவின் அறுவரும் உள்ளூர அறிந்திருந்தனர், சுவருக்கு அப்பால் மருத்துவர் இருக்கிறார் என்று. தென் துருவத்தில் நம் 'மைத்ரி', 'பாரதி' நிலையங்களில் குளிர்காலம் முழுதும் தங்குவோர் இவர்களைவிட உண்மையான தனிமையை அறிந்தவர்கள். அவர்களுக்கும் வசந்தத்தில் விமானமோ கப்பலோ வரும். மூச்சு விடக் காற்று எப்போதும் வெளியே உண்டு.

பூமியைச் சுற்றும் நிலையங்களிலும் கதவு திறக்கக் கூடியதே. 1985இல் 'சல்யூத்-7' நிலையத்தில் விளாதிமிர் வாசியூதின் நோயுற்றபோது, திட்டமிட்டதற்கு முன்னரே குழுவினர் தரையிறங்கினர். 2024 ஜூனில் சுமார் எட்டு நாள் தங்கச் சென்ற சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும், அவர்கள் சென்ற கலத்தில் கோளாறு கண்டமையால் 286 நாள் கழித்து 2025 மார்ச்சில்தான் திரும்பினர். இடையில் உணவும் உடையும் சரக்குக் கலங்களில் சென்றன. செவ்வாயில் இவற்றுள் ஒன்றும் நடவாது. புறப்படுவதற்கேற்ற நிலை ஏறத்தாழ 26 மாதத்திற்கு ஒருமுறையே அமைகிறது.

கதிர்வீச்சையும் எந்த வீட்டிலும் ஒத்திகை பார்க்க இயலாது. 'கியூரியாசிட்டி' என்னும் ஊர்தி 2011-12இல் செவ்வாய்க்குச் செல்லும் வழியில் அளந்தது நாளொன்றுக்கு 1.8 மில்லிசீவர்ட், தரையில் ஏறத்தாழ 0.67. போய், தங்கி, திரும்புவோர் மொத்தத்தில் 1,000 மில்லிசீவர்ட் அளவை நெருங்குவர். நம் நாட்டில் அணுமின் நிலைய ஊழியர்க்கு அனுமதிக்கப்பட்ட சராசரி ஆண்டிற்கு 20. அரை நூற்றாண்டு வேலையின் முழு அளவு மூன்றாண்டில் ஏறிவிடும் என்று பொருள். கேரளத்தில் கொல்லத்தை அடுத்த சவறா, கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி. அங்கே சுமார் 70,000 பேரைப் பல்லாண்டு கவனித்த ஆய்வு புற்றுநோய் கூடியதாகக் காணவில்லையே என்று மாணவர் கேட்கக் கூடும். கேள்வி நல்லதே. ஆனால் மணலிலிருந்து வருவது பெரும்பாலும் காமாக் கதிர்; அது சிறுகச் சிறுக ஆயுள் முழுதும் பரவுகிறது. விண்வெளியிலோ கனமான அணுக்கருக்கள் மிகுந்த வேகத்தோடு பாய்ந்து உடலின் உயிரணுக்களைத் துளைத்துச் செல்கின்றன. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்கலாகாது.

போகலாமா?

மனிதர் போக வேண்டும் என்போர் பக்கம் வலிமையான நியாயம் ஒன்று உண்டு. கள ஊழியர்களே அதை நன்கு உணர்வர். 'ஆப்பர்சூனிட்டி' என்னும் இயந்திர ஊர்தி 2004 முதல் 2018 வரை செவ்வாயில் சுமார் 45 கிலோமீட்டர் ஓடிற்று. 1972இல் அப்போலோ-17 பயணத்தில் இருவர் மூன்றே நாளில் சந்திரனில் சுமார் 35 கிலோமீட்டர் ஊர்தியில் சுற்றினர். அவர்களுள் ஹாரிசன் ஷ்மிட் நில இயல் வல்லுநர். சாம்பல் நிறமான தரையில் நடந்து செல்கையில் காலடியில் ஆரஞ்சு நிற மண் தென்பட்டது. உடனே நின்றார், தோண்டினார். பண்டைய எரிமலை உமிழ்ந்த கண்ணாடித் துளிகள் அவை என்று பின்னர் தெரிந்தது. இவ்வாறு நிற்கத் தெரிவது பயிற்சி பெற்ற கண்ணுக்கு எளிது. இயந்திரத்திற்கு அத்தனை எளிதன்று.

எதிர்ப்பக்கம் உள்ள நியாயமும் சிறியதன்று. 1970களில் 'வைக்கிங்' கலங்களை அனுப்பும் முன், பூமியின் கிருமிகள் செவ்வாயில் பரவாதிருக்க அவற்றை 110 டிகிரி சென்டிகிரேடிற்கு மேற்பட்ட வெப்பத்தில் பல மணி நேரம் வைத்துத் தூய்மை செய்தனர். மனிதனை அவ்வாறு உலையில் வைக்க இயலாது. அவன் போகுமிடமெல்லாம் கோடிக்கணக்கான கிருமிகளும் உடன் போகும். பிற கிரகங்களை மாசுபடுத்தலாகாது என்னும் 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்துள்ளது. 'பெர்சிவரன்ஸ்' ஊர்தி 2024இல் துளைத்தெடுத்த பாறையொன்றில், பண்டைய நுண்ணுயிர்களின் தடமாக இருக்கக் கூடிய குறிகள் இருப்பதாக 2025 செப்டம்பரில் அறிவித்தனர். அவை உயிரின் தடந்தானா என்பது முடிவாகவில்லை. முடிவாகுமுன் நாம் நம் கிருமிகளோடு அங்கே இறங்கினால், பின்னர் காணும் உயிர் எவருடையது என்று எவர் சொல்வார்?

இவ்விரு நியாயங்களையும் எண்ணும்போது எனக்குத் தோன்றும் முடிவு இது. அந்தப் பாறைத் துண்டு அடங்கிய குழாய் இன்னும் செவ்வாயிலேயே இருக்கிறது. இதுவரை எந்தக் கலமும் செவ்வாயிலிருந்து ஒரு கிராம் மண்ணைக்கூடப் பூமிக்குக் கொண்டு வந்ததில்லை. சென்ற கலங்கள் அனைத்தும் போனவை போனவையே. 2014 செப்டம்பர் 24ஆம் நாள் செவ்வாயைச் சுற்றத் தொடங்கி 2022இல் தொடர்பிழந்த நம் 'மங்கள்யான்' உட்பட. சீனா 2028ஐ ஒட்டி மண் கொண்டு வரும் கலமொன்றை அனுப்பத் திட்டமிட்டுள்ளது. ஆளில்லாத கலம் ஒரு பிடி மண்ணோடு திரும்பி வந்து, அது ஒருமுறைக்கு மேல் நிகழ்ந்த பின்னரே மனிதரை அனுப்புவது பற்றிய பேச்சிற்குப் பொருள் உண்டு. அதுவரை ஒத்திகை வீடுகள் பெருகட்டும். வில்லிங்டன் தீவுக் குளத்தில் நடப்பதும் திரும்பி வருவதற்கான பயிற்சியே. புறப்படும் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டு மகிழும் மாணவர்க்கு ஆசிரியர்கள் இந்தப் பாதியையும் எடுத்துக் காட்டலாம்.

வகுப்பில் ஒரு சோதனை

செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே வானொலிச் செய்தி செல்ல, கிரகங்களின் நிலையைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் பிடிக்கும். இதனை மாணவர் உணருமாறு செய்வது எளிது. மாணவர் ஐவரை ஓர் அறையிலும் ஐவரைத் தொலைவான மற்றோர் அறையிலும் அமர்த்துக. முதல் அறைக்கு அடியில் சிறு துளையிட்ட மண் பானை ஒன்றில் நீர் நிரப்பித் தருக. துளையை அடைக்க மெழுகு, களிமண், துணி, கயிறு ஆகியவற்றையும் வைக்க. ஆனால் எதை எவ்வாறு பயன்படுத்துவது என்று இரண்டாம் அறையினரே எழுத்தில் கட்டளையிட வேண்டும். ஒவ்வொரு சீட்டையும் தூதுவன் ஒருவன் பத்து நிமிடம் கையில் வைத்திருந்து பிறகே கொடுக்க வேண்டும். பதிலுக்கும் அதே விதி. பானையில் எஞ்சிய நீரை ஒவ்வொரு பத்து நிமிடத்திற்கும் அளந்து கரும்பலகையில் குறிக்க. இரண்டாம் முறை, முதல் அறையினர் கட்டளைக்குக் காத்திராமல் தாமே முடிவு செய்யலாம் என்று விதியை மாற்றி, மீண்டும் அளக்க. இரு முறையும் வந்த சீட்டுகளைப் பாதுகாத்து வைத்தால், எந்தச் சீட்டிலிருந்து இரு அறையினருக்கும் கோபம் தொடங்கிற்று என்பதையும் பின்னர் வகுப்பில் படித்துப் பார்க்கலாம்.